நாற்பத்தொன்றாம் பக்கம்

1

"பிளேடைக் கீழ வை, வெர்னா."

"நூத்துப் பன்னெண்டு புஸ்தகம்தானே? நீயும் ஒரு கை குடுத்தா ஒரு மணி நேரத்துல..."

"பின்பக்கம் எங்க பாஸ்கெட்பால் டீம் போட்டோ இருக்கு, கூறுகெட்டவளே! அதையும் சேத்தா அறுப்ப?"

"ஒம் மூஞ்சி பெருசா, ஆல்வின் பொழைச்சுக் கெடக்கறது பெருசா?"

"பெருசா பேசாத. ஒரு ஜோக்கு, அவ்வளவுதான்."

"எழுதினது ஜனவரில, ஓரின். அப்ப ஜோக்கு. இப்ப மே மாசம்."

எனக்குக் கதை வருவது இப்படித்தான். முதலில் சண்டை காதில் விழும். முகங்கள் பிறகு வரும். அயோவாப் பிள்ளைகள் இப்படியா பேசியிருப்பார்கள் என்று கேட்காதீர்கள். ஐம்பது வருடம் இவர்கள் நடுவே இருந்துவிட்டேன். என் காதில் இப்படித்தான் விழுகிறது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் எங்கள் தேவாலயத்துப் பழைய சாமான் விற்பனையில் ஒரு புத்தகம் எடுத்தேன். உயர்நிலைப் பள்ளியின் கடைசி வகுப்புப் பிள்ளைகள் போட்ட ஆண்டு மலர், 1917. நாற்பதாம் பக்கத்தின் கடைசி வரி இது:

ஆல்வின் க்ரோகர், 1927-ஆம் ஆண்டில்,

அடுத்தது நாற்பத்து மூன்று. நடுவிலிருந்த தாளை யாரோ தையல் ஓரமாக, ஒரு நூல்கூடப் பிரியாமல் அறுத்திருக்கிறார்கள். பதற்றமான கை அவ்வளவு நேராக அறுக்குமா? பயந்த கைதான் அறுக்கும் என்று எனக்குப் படுகிறது.

இனி வருவதெல்லாம் அந்தக் கால்புள்ளிக்கு அப்பால் நான் கேட்டது.

2

மே மாத வெயிலில் சோள வயல்கள் முளைவிட்டு, பள்ளிக்கூடத்து ஜன்னல் வரைக்கும் பச்சை வாசம்

[வேண்டாம். பயந்துபோன பெண் ஜன்னலுக்கு வெளியே பார்க்கமாட்டாள்.]

வெர்னா டாலஃப்சனுக்குப் பதினேழு வயது. அந்த வருடம் படிப்பை முடிக்கும் பத்தொன்பது பேரில் அவள்தான் தீர்க்கதரிசி. ஜனவரியில் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். பத்து வருடம் கழித்து யார் யார் எங்கே இருப்பார்கள் என்று அவள் எழுத வேண்டும். பிரிவு நாளன்று ஊர் முன்னால் வாசிக்க வேண்டும். பேர் வந்ததும் அந்தப் பிள்ளை எழுந்து நிற்கும், ஊர் சிரிக்கும், பிள்ளை வணங்கிவிட்டு உட்காரும். எழுதியது அப்படியே மலரில் அச்சாகும்.

ஆசையை ரகசியமாகத் தீர்க்கதரிசி காதில் போடுவது வழக்கம். மலரின் ஆசிரியர் ஓரின் பிக்கெட் தன்னை நாடாளுமன்ற உறுப்பினராக்கச் சொன்னான். ஆல்வின் வந்தது கடைசியில்தான்.

"எனக்கு என்ன எழுதப்போற?"

"அப்பா பேக்கரில ரொட்டி சுடுவேன்னு."

"அடிப்பாவி! அத இப்பவேதானே செய்யறேன்? பெருசா ஒண்ணு போடேன். பெர்லின் அரண்மனைல கெய்சர் முன்னால கார்னெட் வாசிக்கறேன்னு எழுது. எங்கப்பா அங்கேருந்து வந்தவரு, கேட்டா அழுதுருவாரு."

எழுதினாள். இன்னும் கொஞ்சம் காரம் சேர்த்தாள். ஜெர்மன் சக்கரவர்த்தி கெய்சரே எழுந்து நின்று கைதட்டுகிறார். ஆல்வின் இனி இந்த நாட்டுக்குத் திரும்புவதாக இல்லை.

மார்ச் மாதம் எல்லாம் நகரத்து அச்சகத்துக்குப் போயிற்று. ஏப்ரலில் இந்த நாடு ஜெர்மனியோடு போருக்குப் போயிற்று. புத்தகங்கள் இன்று காலை ரயிலில் வந்து இறங்கின. பிரிவு நாள் இன்று பிற்பகல் இரண்டு மணிக்கு.

3

வெர்னாவை நான் முழுக்க நம்பவில்லை. நீங்களும் அவசரப்பட வேண்டாம். அவள் பயப்படுவது ஆல்வினுக்காகவா, தனக்காகவா? பக்கத்தின் தலையில் அவள் பெயரும் அச்சாகியிருக்கிறதே.

போன செவ்வாய்க்கிழமை க்ரோகர் பேக்கரிக் கதவில் துரோகி வீடு என்று அடையாளம் வைக்க யாரோ மஞ்சள் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள். ரொட்டி அறுக்கும் கத்தியாலேயே ஆல்வினும் அவன் அப்பாவும் அதைச் சுரண்டினார்கள். தெருவின் எதிர்ப்பக்கம் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த வெர்னா தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்து ஊரில் ஜெர்மன்காரரான ஒரு செருப்புத் தைப்பவரை மண்டியிட வைத்துக் கொடிக்கு முத்தமிடச் சொன்னார்களாம். அதன் பிறகு அவர் கடை திறக்கவே இல்லை.

[எங்கே போனார் என்று ஒரு பத்தி எழுதினேன். எடுத்துவிட்டேன். வெர்னாவுக்கும் தெரியாது.]

வேதியியல் அறை மேசையில் புத்தகக் கட்டுகள். ஓரின் குரல் தாழ்ந்துவிட்டது. அது கத்தலைவிட மோசம்.

"யோசிச்சுப் பாரு. பக்கம் இருந்தா ஜோக்கு. இல்லாமப் போனா ரகசியம். ஊர்ல அத்தனை பேரும் நாப்பத்தொண்ணுல என்ன இருந்ததுன்னு கேக்க மாட்டாங்களா?"

"கேக்கட்டும். யாருக்குத் தெரியும்?"

"அச்சுக் கோத்தவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியும்."

"நீ சொல்லிருவியா?"

ஓரின் கட்டின் முடிச்சை இறுக்கினான். அப்போதுதான் அவள் முதல் புத்தகத்தை விரித்து பிளேடை வைத்து இழுத்தாள். ஒரே இழுப்பு.

4

"ரெண்டு பேரும் என்ன கத்து கத்தறீங்க? மாடிப்படி வரைக்கும் கேக்குது."

ஆல்வின். கையில் கார்னெட் பெட்டி. விழாவின் முடிவில் வகுப்புப் பாட்டு வாசிப்பது அவன்தான். மேசைமேல் கிடந்த தாளை எடுத்துப் படித்தான். காது மடல் சிவந்தது.

"நல்லாத்தான் எழுதியிருக்க."

"உம் பேர விட்டுட்டு அடுத்த பேருக்குப் போயிடறேன் ஆல்வின்."

"பதினெட்டுப் பேரு எந்திரிச்சு நிப்பாங்க. நான் மட்டும் ஒட்டிட்டு உக்காந்திருக்கணுமா? எங்கம்மா மூணாவது வரிசைல இருப்பாங்க."

"மாத்தி வாசிக்கறேன். நம்ம பட்டாளத்துல கார்னெட் ஊதறேன்னு."

"புஸ்தகத்துல வேற இருக்குமே."

"அதுக்குத்தான் அறுக்கறேன்!"

அவன் தாளை நான்காக மடித்தான், பிறகு எட்டாக. ஓரின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதைப் பார்த்துவிட்டு, அவள் காதருகே வந்தான். ஜனவரியில் வந்த அதே மாதிரி.

"வெர்னா. அது நானே கேட்டதுன்னு யாருகிட்டயும் சொல்லிடாத. எங்கப்பாகிட்டகூட."

அப்படியென்றால் எல்லாம் அவளாகவே எழுதியதாகிவிடும், பழியும் அவளுக்கு மட்டும். அது அவளுக்கு அந்த நொடியில் புரிந்தது. தலையாட்டினாளா என்று எனக்குக் கேட்கவில்லை. தலையாட்டலுக்குச் சத்தம் கிடையாது.

மணி அடித்தார்கள். மீதி நூற்றுப் பதினொன்றும் அறுபடாமல் அப்படியே. ஓரின் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு போனான். வெர்னா கைக்கு வந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

5

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

அவள் உள்ளது உள்ளபடி வாசிக்கிறாள், ஊர் சிரித்து மறந்துவிடுகிறது. [அந்த வருடத்து ஊரை நான் அறிவேன். சிரிக்காது.]

அவள் மயங்கி விழுகிறாள். [இது எனக்கு வசதி, அவளுக்கு இல்லை.]

அவள் மேடையிலிருந்து இறங்கி, ஊரில் துரோகிகளைத் தேடும் குழுவின் தலைவரான வங்கி மேலாளரிடம் போய், "நானே எழுதினது, அவனுக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்ல, அவர் கனிவாக அவள் தோளைத் தொட்டு, அந்தப் பக்கத்தை மட்டும் தன்னிடம் கொடுக்கும்படி

[இதை முடிக்க எனக்கே கை வரவில்லை.]

6

பிற்பகல் இரண்டு மணி. அரங்கு நிறைந்துவிட்டது. முதல் வரிசையில் அந்தக் குழுவின் ஐந்து பேர், கோட்டில் கொடி குத்தியவர்கள்; நடுவில் வங்கி மேலாளர். மூன்றாவது வரிசையில் திருமதி க்ரோகர், மடியில் கையுறைகள். அவருக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலி.

மேடையில் அவள் பக்கத்தில் வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, வெர்னா ஆங்கில அகர வரிசையில் வாசித்துக்கொண்டு போனாள். ஜெப்சன் பெயரைக் கேட்டதும் ஜெப்சன் எழுந்தான், சர்க்கஸில் யானைக்குப் பல் விளக்குவான் என்றதும் ஊர் சிரித்தது, உட்கார்ந்தான். சிரிப்பு அடங்குவதற்குள் அவள் அடுத்த வரிக்குப் போய்விட்டாள். வேகமாகத் தாண்டிவிடலாம், பட்டாளம் என்று சொல்லிவிடலாம், வாய் தயாராகத்தான் இருந்தது.

"ஆல்வின் க்ரோகர், 1927-ஆம் ஆண்டில்,"

கண்ணை எதிர்ப்பக்கத்துக்குக் கொண்டுபோனாள்.

அவள் கையில் இருந்தது அறுபட்ட அந்த ஒரே ஒரு புத்தகம். எதிரே கெய்சர் இல்லை, அதன் பின்பக்கத்து பாஸ்கெட்பால் அணியும் இல்லை. தையல் ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கீற்று, அப்புறம் நாற்பத்து மூன்று. தயாராக இருந்த பொய் எங்கோ போய்விட்டது. முதல் வரிசையில் ஒருவர் முன்னால் சாய்ந்தார். பின்னால் கதவருகே, ஊருக்குக் கொடுப்பதற்காக ஓரின் புத்தகக் கட்டுகளின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

கால்புள்ளிக்கு அப்புறம் என்ன போடுவதென்று நான் ஒரு வருடமாக யோசிக்கிறேன். நீங்கள் போடுங்கள். ஆனால் சீக்கிரம். பெயர் வந்துவிட்டதே, வழக்கப்படி அவன் எழுந்து நின்றுகொண்டிருக்கிறான். உட்காரச் சொல்ல யாரும் இல்லை. உதடு அசையாமல், அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொல்கிறான்:

"மேல சொல்லு, வெர்னா. அம்மா பாக்கறாங்க."