குடிலில் நின்ற நெட்டிலிங்கம்

தேவகோட்டை பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னாலேயே யூஜினியா தன் வீட்டுக்காரரிடம் சத்தியம் வாங்கிவிட்டாள்.

"மாப்பிள்ளை வீட்டுல மரத்தப் பத்தி வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தீக, அப்புறம் நான் மனுசியா இருக்க மாட்டேன்."

"நான் எதுக்குப் பேசப் போறேன்?" என்றார் இஞ்ஞாசிமுத்து, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி. இருபத்தாறு வருஷமாக அந்த முகத்தைப் பார்த்து வருகிறவள் அவள். நம்புவதற்கு அவளுக்கு என்ன கிறுக்கா?

மரம் என்றால் தோட்டத்து மரமில்லை. சுண்டுவிரல் உயரப் பிளாஸ்டிக் மரம். மலேயாவில் வியாபாரம் செய்துவிட்டு வந்த செட்டிவீட்டு அப்பச்சிமார்கள் அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்கு வாங்கி வந்த விளையாட்டுப் பெட்டிகளில், வீடு கட்டக் கட்டைகளும், கட்டிய வீட்டின் வாசலில் வைக்க நாலைந்து மரங்களும் இருக்கும். பிள்ளைகள் வளர்ந்து திசைக்கொருவராகப் போனபின் வீடுகள் காலியாகி, அந்தப் பெட்டிகள் காரைக்குடிப் பழைய சாமான் கடைகளுக்கு வந்து சேரும். மற்றவர்கள் அங்கே தேக்குத் தூணும் பெல்ஜியம் கண்ணாடியும் தேடுவார்கள். தாலுகா ஆபீஸ் கிளார்க் இஞ்ஞாசிமுத்து சனிக்கிழமை தவறாமல் போய்க் குத்தவைத்து உட்கார்ந்து மரங்களை மட்டும் பொறுக்குவார். கட்டைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

இதுவரை முப்பத்தொரு மரம். அத்தனையும் யூஜினியாவின் அஞ்சறைப் பெட்டியில் குடியிருந்தன. கடுகுக் கிண்ணத்தில் ஊசியிலை மரம், சீரகக் கிண்ணத்தில் பழமரம். அவள் பொட்டலத்தைப் பிரித்துப் பிரித்துத் தாளித்துக்கொண்டிருந்தாள். ஒரு கிண்ணம் மட்டும் காலி. அடியில் வட்டத் தட்டு வைத்த பழைய நெட்டை மரம் ஒன்று உண்டாம். நெட்டிலிங்கம் என்று அதற்கு அவரே பெயர் வைத்து, ஒன்பது வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

யூஜினியா தேடியது மாப்பிள்ளையை. மகள் பெல்சி மூன்று வரன்களை வேண்டாம் என்றுவிட்டாள். நாலாவது, தேவகோட்டை வாத்தியார் மரிய ஆனந்த். போட்டோவைப் பார்த்துவிட்டுப் பெல்சி ஒன்றும் சொல்லவில்லை. அதுவே பெரிய புதுமை. இந்த இடம் எப்படியாவது முடிந்துவிட வேண்டும் என்று யூஜினியா வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வேண்டிக்கொண்டிருந்தாள்.

கிறிஸ்துமஸ் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அது. மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் பாதியைக் குடில் அடைத்திருந்தது. வைக்கோல் கூரை, முளைவிட்ட கேழ்வரகுப் புல், கண்ணாடித்துண்டுக் குளத்தில் வாத்து, நடுவில் குழந்தை யேசு.

"வாங்க, வாங்க, இங்குட்டு உக்காருங்க" என்றார் பையனின் அப்பா சூசைமாணிக்கம்.

இஞ்ஞாசிமுத்து உட்காரவில்லை. அவர் கண் போன பக்கம் யூஜினியாவும் பார்த்தாள். மாட்டுப் பொம்மைக்குப் பின்னால், கரும்பச்சையில், வட்டத் தட்டின்மேல் அது நின்றது.

அவர் நேரே போய் இரண்டு காலையும் மடக்கி முழந்தாளிட்டு, மூக்கு வைக்கோலில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தார்.

அந்த வீட்டாரும் பக்தியான வேதக்காரர்கள். முழந்தாளிட்டவனைப் பார்த்தால் வேறென்ன நினைப்பார்கள்? மாப்பிள்ளையின் அம்மா அமலோற்பவம் முறுக்குத் தட்டைக் கீழே வைத்துவிட்டு முந்தானையைத் தலையில் போட்டு முழந்தாளிட்டாள். சூசைமாணிக்கமும் முழந்தாளிட்டார். தலை சீவிக்கொண்டே வந்த மரிய ஆனந்த் சீப்பைப் பையில் செருகிக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் முழந்தாளில் இறங்கினான். யூஜினியாவும் வேறு வழியில்லாமல் இறங்கினாள்.

இரண்டு நிமிஷம் ஆயிற்று. இஞ்ஞாசிமுத்து எழுந்திருப்பதாகக் காணோம். இவ்வளவு பக்திமானுக்குச் சின்ன ஜெபம் போதாது என்று சூசைமாணிக்கத்துக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆணியில் தொங்கிய ஜெபமாலையை எட்டி எடுத்தார்.

பத்துப் பத்து மணியாக ஐந்து பத்தும் முழுசாக நடந்தது. காப்பியில் ஆடை படிந்தது. இஞ்ஞாசிமுத்து மரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். மூன்றாம் பத்தில் அவர் கை மெல்ல நீண்டது. யூஜினியா அவர் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள்.

"யேசுவே!" என்று அலறினார். அமலோற்பவத்துக்குப் புல்லரித்துவிட்டது.

ஜெபம் முடிந்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "காப்பித் தண்ணிகூடக் குடிக்காம ஆண்டவர்கிட்டப் போனீகளே அண்ணே. அப்புடி என்னதேன் வேண்டிக்கிட்டீக?"

மகளுக்காக என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எந்த அப்பனும் சொல்வான். ஆனால் இஞ்ஞாசிமுத்துவுக்குக் குழந்தை யேசுவின் முகத்துக்கு நேரே பொய் வரவில்லை.

"அந்த மரத்தத்தேன்" என்றார்.

சொன்னபின் நிற்கவில்லை. வட்டத் தட்டு, ஒன்பது வருஷம், அஞ்சறைப் பெட்டி என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். யூஜினியா மனசுக்குள் அஞ்சாவது வரனைத் தேட ஆரம்பித்திருந்தாள்.

அமலோற்பவம் புருஷனைப் பார்த்தாள். அவர் மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தான்.

"கொண்டாடா அத" என்றார் சூசைமாணிக்கம்.

"கல்யாணம் முடியிற வரைக்கும் காட்டக் கூடாதுன்னீகளேப்பா?"

"கொண்டாடாங்குறேன்."

கட்டிலுக்கடியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி வந்தது. உள்ளே நோட்டு நோட்டாகத் தீப்பெட்டிப் படங்கள், இரண்டாயிரத்துச் சொச்சம்.

"ரோட்டுல ஒருத்தன் பீடி பத்தவச்சா, அந்தத் தீப்பெட்டி காலியாகுற மட்டும் பின்னாலயே போவான் மதினி இவன்" என்றாள் அமலோற்பவம் தழுதழுத்த குரலில். "ஒங்களுக்குத் தெரிஞ்சா பொண்ணு குடுக்க மாட்டீகன்னு மறைச்சோம்."

ஆண்கள் மூவரும் தரையில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினார்கள். மரத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள் அமலோற்பவம். கண்டனூரில் யாரோ வீடு காலி பண்ணும்போது பாத்திரங்களோடு வந்ததாம். ஆனால் ஜனவரியில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாள் முடியாமல் குடிலைக் கலைக்கக் கூடாதே! "அப்ப அன்னைக்கே நாள் குறிக்கவும் வாரேன்" என்றார் இஞ்ஞாசிமுத்து.

திரும்பும் பஸ்ஸில் அவர் சிரித்தபடியே தூங்கினார். யூஜினியாவுக்குத் தூக்கம் வரவில்லை. ஒன்றோடு குடும்பம் நடத்துவதே பெரும்பாடு. பெற்ற பிள்ளையையும் அப்படி ஒருத்தனிடம் தள்ளிவிடுவதா? பயமாக இருந்தது. இடம் போனால் போகட்டும், மகளிடம் மறைக்காமல் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

பெல்சி வாசலிலேயே நின்றாள். யூஜினியா ஒன்றுவிடாமல் சொன்னாள். டிரங்குப் பெட்டி, தீப்பெட்டிப் படம், பீடிக்காரன் பின்னால் அலைந்தது, எல்லாம்.

"மொத்தத்துல, ஒங்கப்பா மாதிரி இன்னொரு ஆளு. நல்லா யோசிச்சுக்க தாயி. வேணாம்னா நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்."

பெல்சியின் காது மடல் சிவந்தது.

"அப்பா மாதிரியா? சரின்னு சொல்லிரும்மா" என்று உள்ளே ஓடிவிட்டாள்.

யூஜினியா செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். புருஷனைப் பற்றி அவள் இத்தனை வருஷமாகப் புலம்பியதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்த பிள்ளை. அதில் ஒன்றைக்கூடப் பெல்சி நம்பவில்லை போலிருக்கிறது.