ஊசி தேய்த்த இடம்

“ஒரே ஊசியிலயா? இத்தனை மாசமும் ஒரே ஊசியிலயா ஓட்டுன?”

“ஊசிக்கு என்ன?”

“என்னவா? ஒவ்வொரு தடவையும் மாத்தணும் ஹோசியா. இரும்பு ஊசி. தேஞ்சா உளி மாதிரி ஆயிடும், பாட்டுத் தட்டையே செதுக்கித் தள்ளிடும். அக்கா உன்கிட்ட சொல்லவே இல்லையா?”

சொல்லவில்லை, மனைவி ஆர்டெல்லா அதை ஒருநாளும் சொல்லவில்லை, ஏன் சொல்லப்போகிறாள், கிராமஃபோன் பெட்டியின் பக்கமே அவனை விட்டதில்லையே, சாவி கொடுப்பதும் அவள், தட்டை வைப்பதும் அவள், ‘நீ போய்ப் பின்வாசல் படியில உக்காரு, பாட்டுக்குக் கொஞ்சம் காத்து வேணும், ஜன்னல் வழியா வந்தாத்தான் நல்லாருக்கும்’ என்று அவனை வெளியே துரத்துவதும் அவள்தான்... சனிக்கிழமை மதியம், கிரீன்வுட் கடைத்தெருவில் மச்சினி லூவீனியாவின் முழங்கையைப் பிடித்தபடி நடந்துகொண்டிருந்த ஹோசியா டில்மன் தன் விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். உளி. அவளைப் புதைத்த பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் தடவித் தடவி அந்த ஊசியைத் தட்டின்மேல் வைத்தது இந்தக் கைதானே, மூன்றாவது சரணம் முடிந்து கிட்டார் மூச்சு வாங்கும் அந்த ஒரு இடத்துக்காக, அங்கே ஆர்டெல்லா ‘சொல்லு ஹோசியா, எல்லாத்தையும் சொல்லிடு’ என்பாளே, அதற்காக... ஆனால் அந்த இடம் வரும்போது பெட்டிக்குள்ளிருந்து வந்ததெல்லாம் மணலைத் தகரத்தில் கொட்டுகிற சத்தம். கேட்கவில்லையே என்று மறுபடி வைத்தான், மறுபடி, மறுபடி. அப்படியானால் ஒவ்வொரு தடவையும் அவளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி எடுத்துக் கீழே உதிர்த்திருக்கிறான். மற்றவர்களுக்குப் படம் இருக்கிறது. லூவீனியா வீட்டுச் சுவரில் அக்காவும் தங்கையும் தொப்பி போட்டு நிற்கிற படம் இருக்கிறதாம், ஒருநாள் அதைக் கழற்றி அவன் மடியில் வைத்தாள், தடவிப் பார்த்தான், கண்ணாடி, வெறும் கண்ணாடி, அதற்கு மூக்கும் இல்லை, நெற்றியில் அந்தச் சின்னத் தழும்பும் இல்லை.

“பேசாம வராத, பயமா இருக்கு,” என்றாள் லூவீனியா.

நீ பேசாமல் இருந்தால் போதும் வீனி, என்று நினைத்துக்கொண்டான். சர்ச்சில் பின்வரிசைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அக்காவின் குரல் அப்படியே தங்கைக்கு. அவள் சமையலறையிலிருந்து ‘காபி வேணுமா’ என்றால் அவன் நெஞ்சு ஒரு கணம் எழுந்து நிற்கும், அப்புறம் உட்காரும். அந்த உட்காருவதுதான் தாங்க முடியவில்லை.

மெம்பிஸில் அந்தப் பாட்டைப் பதிந்த ஹோட்டல் அறை. சுவரெல்லாம் மெத்தைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள், விசிறியை நிறுத்திவிட்டார்கள், அதன் சத்தமும் பதிவாகிவிடுமாம், வியர்வை முழங்கை வழியாகக் கிட்டாருக்குள் இறங்கியது. நேரம் முடியப்போகிறது என்றால் சிவப்பு விளக்கு எரியும், அத்தோடு முடித்துவிட வேண்டும், என்றார் கம்பெனிக்கார வெள்ளையர். சிவப்பு என்றால் என்ன என்று யார் அவனுக்குச் சொல்வது? நான்கு வயதுக் காய்ச்சலோடு போன கண்ணுக்குச் சிவப்பும் ஒன்றுதான், சோளரொட்டியும் ஒன்றுதான். ‘என் பொண்டாட்டி பின்னால நின்னு தோள்ல தட்டட்டும் சார்’ என்றான். அப்படித்தான் ஆர்டெல்லா அந்த அறைக்குள் வந்தாள். வெள்ளம் வடிந்த பிறகு தன் வீட்டைத் தேடி அலைகிறவனின் பாட்டு அது, மூன்றாவது சரணத்தில் அவன் வாசற்கதவை மட்டும் கண்டெடுக்கிறான், அதைச் சுமந்துகொண்டே நடக்கிறான்... அங்கே கிட்டார் ஒரு கணம் நின்றபோது அவள் தோளைத் தட்டவில்லை, வாயைத் திறந்துவிட்டாள். சொல்லு ஹோசியா, எல்லாத்தையும் சொல்லிடு. பாட்டு முடிந்ததும் கம்பெனிக்காரர் ‘உன்னை இங்க தட்டத்தான் விட்டோம், பேச இல்ல’ என்றார். இன்னொரு முறை பதியச் சொன்னார். இந்த முறை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள், அவள் மூச்சுகூடக் கேட்கவில்லை. எதைப் போடப்போகிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. தட்டு வந்த அன்று அவன் பஞ்சாலை வாசலில் வாசித்துக்கொண்டிருந்தான், அறுவடைக் கூட்டம், காசு விழும் தகரக் குவளை கிட்டாரின் தலையில் ஆடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்தபோது அவள் ஏற்கெனவே பிரித்துக் கேட்டிருந்தாள், சாவியைப் பாதி சுற்றிவிட்டு நிறுத்தினாள், அப்புறம் ‘போ, படியில உக்காரு’ என்றாள். ஜன்னல் வழியே அவன் குரல் வந்தது, மூன்றாவது சரணம் முடிந்தது, அவள் குரல் வந்தது! ‘பாத்தியா, என்னைத்தான் போட்டிருக்காங்க’ என்று உள்ளிருந்து சிரித்தாள். தட்டில் கம்பெனிக்காரர்கள் ‘குருட்டு ஹோசியா’ என்று அச்சடித்திருந்தார்களாம், அதற்குத்தான் ஒரு வாரம் கத்திக்கொண்டிருந்தாள், உன் அம்மா வச்ச பேர்ல எங்க இருக்கு அந்தக் குருடு என்று.

முடிதிருத்தக் கடைக்கு வந்துவிட்டார்கள் என்று தைலவாசனை சொன்னது. அதே பாட்டின் தேயாத தட்டு ஒன்று இந்தக் கடைக்காரரிடம் இருக்கிறதென்று லூவீனியாதான் விசாரித்து வைத்திருந்தாள். உள்ளே மூன்று பேர், ஒருவர் நாற்காலியில் சாய்ந்திருக்கிறார், சவரக்கத்தி தோல்வாரில் போய் வருகிறது... இந்தக் காது எதைத் தவறவிட்டிருக்கிறது? மண்பாதையில் வருகிற கோவேறு கழுதை யாருடையது என்று சொல்லிவிடும் காது.

“வாங்க பிரதர் ஹோசியா!” என்றார் கடைக்காரர் பிக்கெட். “முடி வெட்டவா, இல்ல உங்க பாட்டை நீங்களே கேட்டு அழவா?”

“வாயை மூடிட்டுத் தட்டை எடு பிக்கெட்,” என்றாள் லூவீனியா.

“டவலுக்கு அடியில பத்திரமா இருக்கு. என் வீட்டுக்காரி சர்ச் டீக்கன் மக, ப்ளூஸ் பாட்டெல்லாம் சாத்தான் சத்தம், வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னுட்டா. இங்க போடலாம்னா பாஸ்டர் சவரத்துக்கு வந்து உக்காந்துக்கிறாரு. வாங்குன அன்னிக்கு ஒரு தடவை போட்டதுதான் பிரதர், இன்னும் தொட்டில் குழந்தை மாதிரி இருக்கு.”

“என் கழுத்துல கத்தி இருக்கும்போது ப்ளூஸ் போடாதய்யா,” என்றார் நாற்காலிக்காரர். “உனக்கு அழுகை வந்து கை நடுங்குச்சுன்னா நான் என்ன ஆறது?”

எல்லாரும் சிரித்தார்கள். ஹோசியாவும் சிரித்தான், சனிக்கிழமை இரவு மீன்வறுவல் விருந்துகளில் சிரிப்பதுபோல, அங்கே ஆடுகிற அதே கால்கள்தான் மறுநாள் காலை சர்ச் வாசலில் அவன் வேதப்பாட்டு வாசிக்கும்போது ஒழுங்காகச் சேர்ந்து நிற்கும், அவனுக்குத் தெரியும், செருப்புச் சத்தத்தை வைத்தே தெரியும், ஒருவரையும் காட்டிக்கொடுத்ததில்லை... “புது ஊசிதானே?” என்று கேட்டான். “டப்பாவை இப்பத்தான் உடைச்சேன் பிரதர்.” சாவி கொடுக்கிற சத்தம். தட்டு சுழல்கிறது. இதோ, எவனோ இளைஞன் ஒருவன் பாடுகிறான், அன்றைய ஹோசியாதான், தொண்டையில் இன்னும் சரளைக்கல் விழாதவன், ஆர்டெல்லா உடைத்து விளிம்பு தேய்த்துக் கொடுத்த மருந்துப் புட்டியின் கழுத்து அவன் சுண்டுவிரலில் கம்பிமேல் வழுக்குகிறது, முதல் சரணம், வெள்ளம், இரண்டாவது, வேலி மேல் செத்த பசு, மூன்றாவது, கதவு, கதவைத் தோளில் தூக்குகிறான், இப்போது கிட்டார் நிற்கும், வா ஆர்டெல்லா, இப்போது, வா...

கிட்டார் நின்றது. அந்த இடம் இருந்தது. கழுவித் துடைத்த தட்டு மாதிரி சுத்தமாக இருந்தது. அவன் பாதம் தரையில் ஒருமுறை தட்டுவது கேட்டது, ஒரு மூச்சு கேட்டது, அதுவும் அவனுடையது. அப்புறம் நான்காவது சரணம் தொடங்கிவிட்டது.

மணல் இல்லை. இரைச்சல் இல்லை. ஊசி எதையும் தின்னவில்லை, தின்ன அங்கே எதுவும் இருந்ததே இல்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாளே, அந்த இரண்டாவது பதிவைத்தான் தட்டாகப் போட்டிருக்கிறார்கள். அப்படியானால் ஜன்னல் வழியே... பாட்டுக்குக் கொஞ்சம் காத்து வேணும்... அடி ஆர்டெல்லா! மாவுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, பெட்டியின் வாய்க்குப் பக்கத்தில் குனிந்து, மூன்றாவது சரணம் முடிவதற்காகக் காத்திருந்து, ஒவ்வொரு தடவையும், சண்டை போட்ட நாளிலும், அவன் செயின்ட் லூயிஸில் ஒருத்தியோடு தங்கிவிட்டுத் திரும்பிய அந்த நாளிலும்கூட, அவளேதான் பேசியிருக்கிறாள், சொல்லு ஹோசியா. கடைசிக் குளிர்காலத்தில் இருமலோடு கிடந்தவள் எழுந்து வந்து தட்டை வைத்தாளே, அன்று பாட்டுக்குள் அவள் குரல் கரகரத்தது, அவன் படியிலிருந்தே ‘தட்டும் நம்மளை மாதிரிக் கிழடாயிடுச்சு போல’ என்றான், உள்ளே அவள் வெகுநேரம் சிரித்தாள், சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமானது. பாடுகிறவன் குரல் மட்டும் அன்றும் இளமையாகவே இருந்ததே, அது இந்தக் காதுக்குக் கேட்கவில்லையா? கழுதையை அடையாளம் தெரிகிற காதுக்கு, தட்டுக்குள் இருக்கும் குரலும் தட்டுக்கு வெளியே இருக்கும் குரலும் ஒன்றாகவா தெரிந்தது? அல்லது தெரிந்தேதான், முதல் நாளே தெரிந்தேதான், அந்தப் படியில் போய்ப் போய் உட்கார்ந்தானா...

கடையில் கைதட்டினார்கள். “என்ன வாசிப்பு பிரதர்,” என்று நாற்காலிக்காரர் கரகரத்தார், அவர் உண்மையாகவே அழுதிருந்தார்.

“கேட்டுச்சா?” லூவீனியா அவன் காதருகே குனிந்தாள். “அக்கா பேசினது கேட்டுச்சா? நான் கவனிச்சுட்டுத்தான் இருந்தேன், எனக்கு எதுவும்...”

அதே குரல். நெஞ்சு எழுந்து நின்றது. இந்த முறை அது உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தது. அவன் அவளுடைய முழங்கையைத் தேடிப் பிடித்தான்.

“பிக்கெட், ஊசிய மாத்திட்டு இன்னொரு தடவை போடுங்க... வீனி, நீ அந்தப் பெட்டிக்குப் பக்கத்துல போய் நின்னுக்கிறியா... மூணாவது சரணம் முடிஞ்சு கிட்டார் நிக்கும், அந்த இடத்துல... ‘சொல்லு ஹோசியா, எல்லாத்தையும் சொல்லிடு’ன்னு... ஒரே ஒரு தடவை சொல்றியா? நான் வெளிய போய்ப் படியில உக்காந்துக்கிறேன்.”