சாவுக்குரலுக்கும் கூலி

விடிவதற்குள் ரமாபாய் பதினோரு முறை செத்துவிட்டாள். இன்னும் ஒன்பது பாக்கி இருந்தது.

"யக்கா, இப்ப தீயில எரியணும். சின்னதா ரெண்டு, பெருசா ரெண்டு," என்றான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மஹீன். ஒலிப்பதிவு அவன் வேலை. ரமாபாய் மைக்கிலிருந்து ஓரடி பின்னால் போய், வயிற்றை எக்கிக்கொண்டு எரிந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. முதுகில் வேர்வை கோடாக இறங்கியது. உப்புத் தண்ணீரில் தொண்டையை நனைத்துக்கொண்டு மறுபடி எரிந்தாள். பிறகு விஷம் குடித்துச் செத்தாள். பிறகு பள்ளத்தில் விழுந்து செத்தாள்.

ராயபுரத்தில் ஒரு பழைய மிளகாய்க் கிடங்கின் மாடி அது. சுவர் முழுக்க இலவம்பஞ்சு மெத்தை அடித்து ஸ்டுடியோ ஆக்கியிருந்தார்கள். மூட்டைகள் போய் ஆறு வருஷமாகியும் நெடி போகவில்லை. தொண்டையை வைத்துப் பிழைப்பவர்களுக்கு இப்படியொரு இடம் பார்த்துப் பிடித்த புண்ணியவானை என்னவென்று சொல்வது! மின்விசிறி போடக்கூடாது, மைக்கில் கேட்கும். வெளியே துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் லாரிகள், ஷிஃப்ட் மாறும் நேரத்தில் மட்டும் எஞ்சினை அணைத்துவிட்டு வரிசையில் நிற்கும். காலையிலும் சாயங்காலத்திலும் நாலரையிலிருந்து ஆறு வரைக்கும் அந்த அமைதி. கத்துகிற வேலையெல்லாம் அதற்குள் முடிந்தாக வேண்டும்.

வெளிநாட்டில் செய்த வீடியோ கேமைத் தமிழ் பேச வைப்பதுதான் தொழில். மாயாஜால நாடு. ஆடுகிற பையன்தான் அதில் வீரன். அவனுக்குத் துணையாக மூன்று பேர்: வாள்காரி செம்பி, வைத்தியக்காரி பூவரசி, மலை ராட்சசன் கல்லன். அவன் போகிற இடமெல்லாம் கூடப் போவார்கள். அவனுக்கு விழவேண்டிய அடியை இவர்கள் வாங்குவார்கள். அவன் மடத்தனமாக எரிமலைக்குள் குதித்தால் பின்னாலேயே குதிப்பார்கள். பொத்தானை அமுக்கினால் எழுந்து வந்து, ஒரு வார்த்தை குறை சொல்லாமல் மறுபடி நடப்பார்கள். முதலாளிகளுக்குப் பிடித்த மாதிரி ஆட்கள்.

ரமாபாய்தான் செம்பி. எம்.சி. ரோடு துணிக்கடை வாசலில் மைக் பிடித்து "வாங்கக்கா, உள்ள வந்து பாருங்கக்கா" என்று நாளெல்லாம் கூவிக்கொண்டிருந்தவளை லோகநாதன்தான் அழைத்துவந்தார். ஸ்டுடியோ அவருடையது. "தலைவா, என் வாள் உம்மைக் காக்கும்" என்று கணீரென்று சொல்லிவிட்டு, மறு நிமிஷம், "மஹீனு, டீ கீதா?" என்று கேட்பாள் புளியந்தோப்பு ரமாபாய்.

முன்பெல்லாம் மணிக்கணக்கில் கூலி. கத்துகிற வேலையை வாரத்தில் ஒரு நாள், அதுவும் வசனமெல்லாம் முடிந்த பிறகு வைப்பார்கள். போன மாசம் லோகநாதன் அதை வசன வரிக் கணக்குக்கு மாற்றினார். பேசிய வரிக்கு மட்டும் கூலி. அலறலில் சொல் எதுவும் இல்லையே, அதனால் அது வரி இல்லையாம். இருபது விதமாகச் சாவதும் இலவசம். இலவசம் என்றானதும் அதை வாரக்கணக்கில் பிரித்துக் கொடுப்பானேன்? ஒரே காலையில் மொத்தத்தையும் கத்த வைத்தார்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு ரமாபாய் அடுத்த காட்சிக்குத் தயாரானாள். பூவரசி அடிபட்டு விழ, செம்பி பதறுகிற காட்சி. பூவரசிக்குப் பேசுகிற ஃப்ளோரன்ஸை ரமாபாய் நேரில் பார்த்ததே இல்லை. ஆளுக்கொரு நாள் கொடுத்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதபடி லோகநாதன் வைத்திருந்தார். ஆனால் துணையாட்கள் மூவரும் விளையாட்டு முழுக்கப் பேசிக்கொண்டே நடப்பார்கள் அல்லவா? மற்றவர் பேசியது காதில் ஓட, பதில் பேசவேண்டும். மூன்று மாசமாக ஃப்ளோரன்ஸ் அவள் காதுக்குள் கேலி செய்திருக்கிறாள், சண்டை போட்டிருக்கிறாள், காயத்துக்கு மருந்து வைத்திருக்கிறாள். சொந்தத் தங்கச்சிகூட ரமாபாயிடம் அவ்வளவு பேசியதில்லை.

காதில் பூவரசி அலறினாள். அப்படியொரு அலறலை ரமாபாய் கேட்டதில்லை. உச்சியில் போய் எதுவோ கிழிந்தது. அதோடு மஹீன் பதிவை வெட்டியிருக்க வேண்டும்; எப்போதும் வெட்டிவிடுவான். இன்று ஓடிக்கொண்டே இருந்தது. இருமல். பிறகு காற்றாக ஒரு குரல்: "மஹீன் அண்ணா... ரத்தம் வருது."

ரமாபாய் சொல்லவேண்டிய வரி, "பூவரசி! எழுந்திரு!" ஹெட்போனைக் கழற்றினாள்.

"இன்னாடா இது?"

மஹீன் தலையைத் தூக்கவில்லை. "முந்தாநாள், யக்கா. பதினாறாவது சாவு. நிறுத்தலாம்னு சொன்னேன், அண்ணன் கேக்கல. இந்த டேக்தான் சூப்பர்னு வெச்சுக்க சொல்லிட்டாரு."

"வெட்ட மறந்துட்டியா?"

"மறக்கல. வாயால சொல்ல தைரியம் இல்ல. அதான் வெட்டாம வுட்டேன்."

அப்போது லோகநாதன் இட்லிப் பொட்டலத்தோடு உள்ளே வந்தார். தண்டையார்பேட்டைக்காரர்தான், வேற்றுமனிதர் இல்லை. எல்லோரும் தன்னை அண்ணா என்றுதான் கூப்பிடவேண்டும் என்பார்.

"ரமா, சாப்புடு மா. உனக்கு ஒரு நல்ல சேதி. பூவரசியையும் நீயே பேசிடு. மூணு மாசமா கேட்டுகினுகீற, அவள மாதிரியே பேச உன்னாலதான் முடியும்."

"ஃப்ளோரன்ஸுக்கு ஆஸ்பத்திரி செலவு யாருண்ணா பாக்குறது?"

"அவ தப்பா கத்துனா. சர்ச்சுல பாடுற தொண்ட, இதுக்கு தாங்கல. நான் இன்னா பண்ண முடியும்?"

"ஒரே நாள்ல இருபது தபா சாவ சொன்னது நீங்கதானே?"

"த பாரு, நாம ஃபேமிலி மாதிரி. நாளைக்குள்ள சொல்லு. இல்லனா கம்ப்யூட்டரே பேசிக்கும். அவ குரலு மொத்தம் நம்ம கைல கீது. உன்னுதும்தான்."

ரமாபாய் இட்லிப் பொட்டலத்தைத் தொடாமல் படி இறங்கினாள். உண்மையைச் சொல்லவேண்டும்: இறங்கும்போது அவள் மனம் கணக்குப் போட்டது. மகள் செங்கொடி பாலிடெக்னிக் படிக்கிறாள். வரிகள் குறைந்துகொண்டே போகின்றன. பூவரசியின் வரிகளும் சேர்ந்தால் மூச்சு விடலாம். அந்த நினைப்பு வந்ததற்காகத் தன்மீதே அவளுக்குக் கோபம் வந்தது. மஹீனிடம் போனில் ஃப்ளோரன்ஸின் முகவரியைக் கேட்டுக்கொண்டு நேராகக் காசிமேட்டுக்கு நடந்தாள்.

ஏலம் முடிந்து மீன்வண்டிகள் கிளம்பிக்கொண்டிருந்தன. வாசலில் கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்த அம்மாள், "பேசக்கூடாது, ஒரு மாசம் முணுமுணுக்கவும் கூடாதுன்னு டாக்டரு சொல்லிகீறாரு. அப்புறமும் பாட முடியுமான்னு தெரியாதாம்," என்று சொல்லி உள்ளே கையைக் காட்டினாள். கட்டிலில் ஒல்லியாக ஒரு பெண், கழுத்தில் துண்டு. இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அந்தக் கனத்த, பக்குவமான குரலுக்கு இந்த உடம்பா என்று ரமாபாய் திகைத்துப்போனாள்.

"நான் ரமாபாய்," என்றாள். அந்தப் பெண் யாரென்று புரியாமல் விழித்தாள். ரமாபாய் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தோழி, உன் கஷாயத்தைவிடப் பகைவனின் வாள் எவ்வளவோ மேல்," என்றாள் செம்பியின் குரலில்.

ஃப்ளோரன்ஸ் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டாள். சத்தமில்லாமல் சிரித்தாள், சத்தமில்லாமலே அழுதாள். எதையும் வாய்விட்டுச் செய்ய அவளுக்கு அனுமதி இல்லை.

ஒரு பழைய நோட்டை எடுத்து எழுதினாள்: "பூவரசிய உங்கள பேச சொன்னாரா?"

"சொன்னாரு."

அதன் கீழேயே எழுதினாள். "பேசுங்கக்கா. உங்களுக்கும் வூடு கீது. யாரோ பேசுறதுக்கு நீங்க பேசுனா எனக்கு சந்தோசம்."

திட்டியிருந்தாலாவது ரமாபாய் தாங்கியிருப்பாள்.

"தலையாட்டலாமான்னு யோசிச்சேன் கண்ணு, பொய் சொல்ல மாட்டேன். இப்ப சொல்றேன், நான் பேச மாட்டேன். இன்னிக்கு உன் தொண்ட. நாளைக்கு என்னுது. அப்புறம் அந்த கல்லனோடது. அது யாரு, உனக்கு தெரியுமா?"

ஃப்ளோரன்ஸ் உதட்டைப் பிதுக்கினாள். ரமாபாய் மஹீனுக்குப் போன் போட்டுக் கேட்டாள். அரைமணி நேரத்தில் வாசலில் ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. இறங்கியவர் உபைதுல்லா, டோல்கேட் வரைக்கும் ஆட்டோ ஓட்டுகிறவர், குள்ளமான மனிதர். மலையே பேசுவதுபோல், "யாரும்மா இங்க பூவரசி?" என்றார். கூடை கழுவிக்கொண்டிருந்த அம்மாள் தூக்கிவாரிப்போட்டு எழுந்தாள்.

விஷயத்தைக் கேட்டவர் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "எனக்கும் ரெண்டு நாளா தொண்ட எரியுது. நான் மட்டும்தான் லாயக்கில்லாதவன் போலன்னு நெனச்சுகினு யாருகிட்டயும் சொல்லல."

"அதுக்குதான் தனித்தனியா வெச்சிகீறாரு, பாய்," என்றாள் ரமாபாய்.

மறுநாள் காலை நாலரை மணிக்கு ரமாபாயின் பெயர் மட்டும்தான் பட்டியலில் இருந்தது. மூன்று பேரும் வந்தார்கள். ஒருவருக்கு மேல் நிற்க இடமில்லாத அறையில் மூன்று பேரும் நெருக்கி நின்றார்கள். லோகநாதன் கண்ணாடிக்கு வெளியே வந்து பார்த்தார்.

"இன்னா இது, கூட்டம்?"

"அலறுறதுக்கும் கூலி வேணும்ணா," என்றாள் ரமாபாய். "ஒரு நாளைக்கு நாலுக்கு மேல சாவ மாட்டோம். ஃப்ளோரன்ஸ் வைத்தியத்த நீங்க பாக்கணும். தேறி வர்ற வரைக்கும் பூவரசிய வேற யாரும் பேசக்கூடாது. கம்ப்யூட்டரும்தான்."

"யாரு சொல்லிக் குடுத்தா? ஏம்மா, நீயே சொல்லேன்," என்று ஃப்ளோரன்ஸைப் பார்த்தார். "வாயத் தொறந்து கேளு, தர்றேன்."

ஃப்ளோரன்ஸின் முகம் சிவந்தது. நோட்டில் எழுதி நீட்டினாள். உபைதுல்லா அதைத் தன் குரலில் வாசித்தார். "என் ரத்தம் அந்த டேப்புல கீது. அத வித்துதான் நீ இட்லி வாங்கித் தர்ற."

மெத்தை போர்த்திய சுவர்கூட அதிர்ந்தது. லோகநாதன் மஹீன் பக்கம் திரும்பினார். "இதுவரைக்கும் எடுத்த குரல எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்து, அதுவே பேசட்டும். நான் பாத்துக்குறேன்." மஹீன் விரல்களை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

லோகநாதனின் குரல் இறங்கியது. "சரி. சண்ட எதுக்கு? ஒவ்வொருத்தரா என் ரூமுக்கு வாங்க, பேசிக்கலாம். மொதல்ல ரமா வரட்டும்."

"மூணு பேரும் ஒண்ணாதான் வருவோம்."

"அப்ப மூணு பேரும் வெளிய போவ வேண்டியதுதான். நாளைக்கே வேற ஆளு வருவான்."

வரலாம். யார் இல்லையென்றார்கள்? ஆனாலும் யாரும் நகரவில்லை.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, ஏழெட்டு. சாயங்கால வேளையில் வந்து வேதாளமாகவும் கொள்ளைக்காரர்களாகவும் கத்துகிறவர்கள். விளையாட்டில் செம்பியின் வாளுக்குக் கூட்டம் கூட்டமாக விழுகிறவர்கள். மஹீன் அவர்களுக்கும் போன் போட்டிருந்தான். முன்னால் மூச்சிரைக்க ஏறிவந்த கெங்கம்மா, லோகநாதனைத் தோளால் விலக்கிக்கொண்டு போய் ரமாபாயின் பக்கத்தில் நின்றாள்.

"இன்னா லோகு, இவங்க மூணு பேர்கிட்ட பேசிட்டு அனுப்பிடலாம்னு பாக்குறியா? இங்க அதிகமா செத்தவங்க நாங்கதான். எங்களையும் வெச்சுகினு பேசு."