அக்கா தேய்த்துத் தீர்த்த உருண்டை

1

இது எனக்குத் தோன்றிய கதை அல்ல. அக்கா நேற்று மாலை அழுதுகொண்டே சொன்னது. சொல்லி முடித்ததும், "இதையும் எழுதித் தொலைச்சிடாத" என்றாள். எழுதுகிறேன். கூடப் பிறந்தவன் எழுத்தாளன் என்றால் குடும்பம் இதையெல்லாம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2

'ஆதியில் சூரியனைச் சுற்றித் தூசி மட்டுமே

(விடுங்கள். சின்ன விஷயத்துக்கும் அண்டத்தைத் துணைக்கு அழைப்பது என் பழைய வியாதி.)

பூமி உருவாகும் முன்பே, நானூற்று ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், அந்தத் தூசி சட்டென்று உருகிச் சொட்டுகளாகி, சில மணி நேரத்தில் ஆறி, கடுகளவு கல் உருண்டைகளானது. எதனால் உருகியது என்பதில் இன்னும் சண்டை. அவற்றில் பல விண்கற்களுக்குள் பத்திரமாக இருக்கின்றன.

3

அக்கா ஆய்வுக்கூடத்தில் விண்கல்லை அறுத்துக் கண்ணாடியில் ஒட்டி, ஒளி ஊடுருவும்வரை சக்கரத்தில் தேய்ப்பவள். தலைமுடியைவிட மெலிதாக வர வேண்டும். நடுநடுவே நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். நேற்று பார்க்காமலே இன்னும் இரண்டு சுற்று விட்டாள். கழுவினால் வெறும் கண்ணாடி. கல்லைக் கொடுத்த ஆராய்ச்சியாளரின் மூன்று வருட வாதம், தேய்ந்துபோன அந்த ஓர் உருண்டையின் விளிம்பை நம்பியிருந்தது.

("ஏன் பாக்கல?" என்று கேட்டேன். "என் விரலுக்கே தெரியும்னு நெனச்சேன்." இந்தத் திமிர் அக்காவுடையதுதானா, நான் ஏற்றியதா என்று எனக்கே சந்தேகம்.)

4

முடிவு அ: அதே கல்லின் மிச்சத்தில் இன்னோர் உருண்டை இருக்கிறது. அதைத் தேய்த்து, பழையதன் எண்சீட்டை ஒட்டிக் கொடுத்துவிடுகிறாள்.

முடிவு ஆ: இன்று காலை பத்து மணிக்கு ஆராய்ச்சியாளரிடம் வெறும் கண்ணாடியை நீட்டி, "நான்தான் மேடம் தேச்சுத் தீத்துட்டேன்" என்கிறாள்.

இரண்டையும் அக்காவிடம் காட்டினேன். திட்டவில்லை. 'ஆ'வை மட்டும் இரண்டு முறை படித்தாள்.

"அப்புறம்?"

"அதோட முடியுது."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"தெரியலக்கா."

"அதை எழுதிக் கொடு. நான் கெளம்பறதுக்குள்ள."

5

'ஆராய்ச்சியாளர் கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து

'ஆராய்ச்சியாளர் ஒன்றும் பேசாமல்

'ஆராய்ச்சியாளர்

அவரை நான் பார்த்ததே இல்லை. மணி ஒன்பதரை. அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு என் மேசையருகே வந்து நிற்கிறாள். பயமாக இருக்கிறது. நீங்கள் அவராக இருந்தால் என்ன சொல்வீர்கள்? கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.