பாலம் உட்கார்ந்த வருடம்

ஆற்றுப் பாலம் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் உட்கார்ந்துவிட்டது. இடியவில்லை, சாயவில்லை, உட்கார்ந்தது. பருத்த உடம்புக்காரர் ஒருவர் பின்னால் நாற்காலி இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துவிட்டு மெல்ல இறங்குவாரே, அதே மாதிரி அதன் தூண்கள் நடுவில் மடங்கின. நீண்ட பெருமூச்சு ஒன்று இரண்டு கரைக்கும் கேட்டது. சாலைத் தளம் தண்ணீரைத் தொட்டு, கணுக்கால் அளவு உள்ளே இறங்கி, அங்கேயே நின்றுகொண்டது. அப்போது அதன்மேல் ஒரு ரொட்டி வண்டியும், சைக்கிளில் ஒரு தபால்காரரும், காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்துக்குச் சொல்லிவிட்டு அக்கரைக்கு சினிமா பார்க்கப் போய்க்கொண்டிருந்த ஒரு வாத்தியாரும் இருந்தார்கள். யாருக்கும் கீறல்கூட இல்லை. ரொட்டி வண்டியின் கீழ்த்தட்டு நனைந்தது. வாத்தியாரின் குட்டு உடைந்தது. சேதம் அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் பாலத்தின் அடிவயிற்றில் இருந்திருக்க வேண்டியவள் கிரீஸம்மா. கிரீஸ் டப்பா காலியாகிவிட்டதால் கரையேறியிருந்தாள், பிழைத்தாள். பாலம் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும், லாரி ஏறினால் அசையும். அந்த அசைவைத் தாங்குவதற்காக ஒவ்வொரு தூணின் தலையிலும் இரும்பு உருளைகள் வைத்திருந்தார்கள். அவற்றைத் துடைத்து கிரீஸ் பூசுவது அவள் வேலை. முன்பு அதை அவள் புருஷன் பார்த்தான். அவன் நெஞ்சு வலியில் போன பிறகு, பாவம் என்று அவளுக்குக் கொடுத்தார்கள். அப்போது மகள் இடுப்புக் குழந்தை. இப்போது அந்த மகளே பிள்ளைத்தாய்ச்சி. லாரிக்காரர்கள் வைத்த பெயர் ஊருக்கே பழகிவிட்டதால், அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பதில்லை.

பாலத்தடியில் ஓர் ஆள் அகலத்துக்கு இரும்பு நடைபாதை உண்டு. நிமிர்ந்து நின்றால் உருளைகள் முகத்துக்கு நேராக வரும். உட்கார இடமில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கரையோரக் கொட்டகையிலாவது ஒரு ஸ்டூல் போடச் சொல்லிக் கேட்டாள். “உக்காந்தா தூக்கம் வரும்மா” என்றார் அப்போதிருந்த மேஸ்திரி. அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. நின்றபடியே சாப்பிட்டாள், நின்றபடியே மகளுக்குத் தலை வாரினாள். இப்படியே போனதில் ஒரு மழைக்காலத்தில் அவளுடைய முழங்கால்கள் மடங்குவதை விட்டுவிட்டன. வலி கிடையாது, வீக்கம் கிடையாது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், எலும்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, மடங்கும் வித்தை மட்டும் மறந்துபோயிருக்கிறது என்று சொல்லி, ஒரு தைலம் எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து அவள் ஒன்று நின்றாள் அல்லது படுத்தாள். இடையில் ஒன்று இருப்பதை ஏறக்குறைய மறந்தேபோனாள்.

ஊரில் இதை யாரும் அதிசயமாகப் பேசவில்லை. நெடுங்காலம் உழைத்தவை எல்லாமே ஏதாவது ஒரு விதத்தில் அப்படித்தான் ஆகியிருந்தன. கோர்ட்டில் இருந்த தட்டச்சு இயந்திரம், எதை அடித்தாலும் கடைசி வரியில் ‘ஒத்திவைக்கப்படுகிறது’ என்று தானாகவே போட்டது. ஆஸ்பத்திரி லிஃப்ட் மூன்றாவது மாடிக்கு மேல் போக மாட்டேன் என்று நின்றுவிட்டதால், நான்காவது மாடி நோயாளிகள் படியேறத் தெம்பு வந்த பிறகே சேர்க்கப்பட்டார்கள். பஸ் ஓட்டிக் களைத்த டிரைவர் ஒருவர் ஓய்வு பெற்று வீட்டோடு இருந்தார். அவருடைய மனைவி இரண்டு விசில் கொடுத்தால்தான் அவரால் படுக்கையில் புரண்டு படுக்க முடிந்தது. ஆக, பாலம் உட்கார்ந்தபோது ஜனங்கள் ‘ஐயோ’ என்றார்களே தவிர ‘எப்படி’ என்று கேட்கவில்லை.

தலைநகரத்திலிருந்து என்ஜினியர் வந்தார். அவரும் ஓய்வுபெறப் போகிறவர்தான். ஷூவைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு, பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு, பாலத்தின் மேல் தண்ணீரில் இறங்கி நடந்தார். அவர் பாதங்கள் பன் மாதிரி உப்பியிருந்ததைப் பார்த்து கரையில் நின்றவர்கள் அனுதாபப்பட்டார்கள். சுத்தியலால் அங்கங்கே தட்டினார். கைப்பிடிக் கம்பியில் காதை வைத்துக் கேட்டார். கரையேறியதும் நகரசபைத் தலைவர், மேஸ்திரி, கிரீஸம்மா மூவரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“ஒண்ணும் உடையல. எல்லாம் கெட்டியா இருக்கு. களைச்சுப் போச்சு, அவ்வளவுதான்” என்றார்.

“இதுக்கு என்ன சார் பண்றது?” என்று தலைவர் கேட்டார்.

“உக்கார விடுங்க.”

கிரீஸம்மாவுக்குச் சுருக்கென்று வந்தது. “இத்தன வருஷமா அதோட அடியிலயே நிக்கிறேன் சார். எனக்குக் களைப்பு இல்லயா?”

என்ஜினியர் ஷூவுக்குள் காலை நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. கையில் எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

பாலத்துக்குக் காலவரையறையில்லாத ஓய்வு கொடுக்கப்பட்டது. மோட்டார் படகு விட்டார்கள். கிரீஸம்மாவுக்குப் பூச உருளை இல்லையென்று ஆகிவிட்டதால், பாலத்தின் முகப்பில் சிவப்புக் கொடியோடு நின்று, யாரும் அதன்மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். பாலம் ஹாயாக உட்கார்ந்திருந்தது. அதற்குக் காவலாக அவள் நின்றாள். இந்த ஏற்பாட்டின் அநியாயம் நாளாக ஆக அவளுக்கு மேலும் மேலும் உறைத்தது. காலையில் வந்ததும் அதைப் பார்த்து, “சௌகரியமா இருக்கா?” என்று கேட்பாள். சாயங்காலம் போகும்போது காறித் துப்புவாள். பாலத்தின் முதுகில் கொக்குகள் வந்து நின்றன. தளத்தின் தார்மேல் குட்டி மீன்கள் மேய்ந்தன. முகம் என்று ஒன்று இல்லாத பொருளுக்கு முகத்தில் தெளிச்சி வந்ததைப் போல, துருப்பிடித்த கம்பிகள்கூடக் கொஞ்சம் நிறம் கூடித் தெரிந்தன. அதைத்தான் அவளால் பொறுக்கவே முடியவில்லை.

மகள் அக்கரையில் இருந்தாள். மாத்திரைக் கம்பெனியில் ஓடும் பெல்ட்டுக்கு முன்னால் நின்று அட்டைகளை அடுக்கும் வேலை. அம்மாவுக்கும் மகளுக்கும் சண்டை என்று சொல்ல முடியாது, பேச்சு குறைந்திருந்தது. மகள் கல்யாணத்தன்று மின்நிலையத்துக்கு ஒரு ராட்சத மின்மாற்றியை ஏற்றிக்கொண்டு சக்கரம் சக்கரமாக ஒரு வண்டி பாலத்தைக் கடந்தது. அது கடந்து முடியும்வரை கிரீஸம்மாவுக்கு லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பதிவு அலுவலகத்துக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது கையெழுத்தெல்லாம் முடிந்து, வந்தவர்களும் போய், மகள் மட்டும் வாசலில் காத்துக்கொண்டிருந்தாள். “நீ இல்லன்னா அந்தப் பாலம் விழுந்துடுமாம்மா?” என்று கேட்டாள். கேள்வியில் கோபம்கூட இல்லை. அதனால்தான் அது கிரீஸம்மாவின் மனதை விட்டுப் போகவில்லை.

பாலம் உட்கார்ந்து கோடை முடிந்து முதல் மழையும் பெய்திருந்த ஒரு பகலில் மருமகன் போன் செய்தான். “அத்த, வலி வந்துடுச்சு. இன்னும் நாள் இருக்கு, ஆனா வந்துடுச்சு. டாக்டர் முகமே சரியில்ல. உங்களத்தான் கேட்டுட்டே இருக்கா.”

கிரீஸம்மா படகுத்துறைக்குப் போனாள். படகு கரையிலேயே கிடந்தது. பாலத்தின் வேலையையும் சேர்த்துச் செய்ததில் மோட்டாரின் உயிர் போயிருந்தது. அது ஏற்கனவே மூன்று படகுகளில் உழைத்துவிட்டு வந்த மோட்டார். படகுக்காரர் அதைக் கழற்றி ஒரு சாக்கின்மேல் பரப்பி வைத்து, வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னிக்கு ஆகாதும்மா. திட்டறதுன்னா திட்டிட்டுப் போங்க” என்றார். அவரைத் திட்ட அவளுக்கு மனம் வரவில்லை. திட்ட வேறு ஆள் இருந்தது.

கொடியைச் சேற்றில் குத்திவிட்டுப் பாலத்தின் முகப்பில் நின்றாள். வேலை நேரத்தில் அவள் கொடியைக் கைவிட்டது அதுவே முதல் தடவை. “எந்திரி” என்றாள். பாலம் அசையவில்லை. “உனக்கு எத்தன டப்பா பூசியிருப்பேன். எம்புருஷன் எத்தன பூசியிருப்பான். அந்தாளு போனப்பகூட மூணாம் நாளே உங்கிட்டதான வந்து நின்னேன். ஒரு தடவ எந்திரி. என்ன அந்தப் பக்கம் விட்டுட்டு, அப்புறம் ஆயுசுக்கும் உக்காந்துக்க.” தூண்களுக்கடியிலிருந்து சில குமிழிகள் வந்தன. கைப்பிடிக் கம்பி ஒரு முறை லேசாக அதிர்ந்து அடங்கியது. எழ முயன்று பார்த்தது என்று அவள் பிற்காலத்தில் சொல்வாள். அப்போது அப்படித் தோன்றவில்லை. அசிங்கமாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள்.

மழைத் தண்ணீர் ஏறியிருந்ததால் கணுக்கால் அளவு இப்போது முழங்கால் அளவாக ஆகியிருந்தது. இழுப்பு பலமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, மடங்காத கால்களைக் பொய்க்கால் மாதிரி முன்னால் முன்னால் எடுத்து வைத்து நடந்தாள். பாலத்தின் அடியை அங்குலம் அங்குலமாக அறிந்தவளுக்கு அதன் மேல்பக்கம் ஏறக்குறைய அந்நியமாக இருந்தது. இவ்வளவு நீளமா என்று நினைத்தாள். நடுப் பாலத்துக்கு வந்தபோது, யாரும் எதுவும் சொல்லாமலே, அவளுடைய முழங்கால்கள் மடங்கின. முதலில் வலதும் பிறகு இடதும். தண்ணீருக்குள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சுவரை குளிர்ந்தது.

எழ நினைத்தாள். முடியவில்லை என்பதைவிட உடம்பு சம்மதிக்கவில்லை என்பதே சரி. பெற்ற பெண் அக்கரையில் துடித்துக்கொண்டிருக்கிறாள். இவள் ஆற்று நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். தன்னை நினைத்து அருவருப்பாக இருந்தது, ஆனாலும் எழவில்லை. புருஷனுக்காக அழ நேரமில்லாமல் தள்ளிப் போட்டிருந்த அழுகை, அது பாட்டுக்கு வந்து, அது பாட்டுக்குப் போனது. அடியில் பாலம் மூச்சு விடுவதை இடுப்பு எலும்பில் உணர்ந்தாள். மெதுவான மூச்சு, தூங்குகிறவர் மூச்சு மாதிரி. கோபம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. கோபப்படக்கூடக் கொஞ்சம் தெம்பு வேண்டியிருந்தது. கரையிலிருந்து படகுக்காரர் கூப்பிட்டது கேட்டது. அவரைப் பார்த்துக் கையை மட்டும் ஆட்டினாள். வெயில் சாயும் வரை இருந்தாள். பிறகு, தூங்கி விழித்தவள் மாதிரி கம்பியைப் பிடித்து எழுந்து, மடங்கும் கால்களோடு அக்கரைக்கு நடந்தாள்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்திருந்தது. பெண் குழந்தை, கைக்கு அடக்கமாக, கண்ணாடிப் பெட்டிக்குள் சூடாகத் தூங்கிக்கொண்டிருந்தது. பிழைத்துக்கொள்ளும் என்று நர்ஸ் சொன்னாள். மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சேலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட கிரீஸம்மா கட்டிலோரம் வந்து நின்றாள். மகள் திரும்பாமலே பேசினாள்.

“இன்னிக்கும் லேட்டு.”

“ம்.”

“இன்னிக்கு என்ன? எந்த வண்டி போச்சு?”

“ஒண்ணும் போகல. பாலத்து நடுவுல உக்காந்துட்டேன்.”

மகள் திரும்பினாள். அம்மா பொய் சொல்கிறாளா என்று முகத்தைப் பார்த்தாள்.

“உக்காந்தியா? நீயா?”

“எந்திரிக்க முடியல. நீ இங்க கெடக்கறன்னு தெரியும். இருந்தும் எந்திரிக்கல.”

இதைச் சொல்லிவிட்டு, வரவேண்டியது எதுவானாலும் வரட்டும் என்று நின்றாள். மகள் நேற்றுவரை பெல்ட்டுக்கு முன்னால் நின்றவள். கால் நரம்புகள் கொடி மாதிரி பச்சையாகச் சுருண்டிருந்தன. மகள் தன் கால்களைப் பார்த்தாள். பிறகு சிரமப்பட்டு ஒருபக்கமாக ஒதுங்கினாள்.

“நனஞ்சா நனயட்டும். இங்க உக்காரு.”

கிரீஸம்மா உட்கார்ந்தாள். கட்டில் கிரீச்சிட்டது, அதுவும் பழைய கட்டில்தான்.

அந்த மழைக்காலம் முடிந்து ஆறு தெளிந்த பிறகு ஒரு காலையில் பாலம் தானாகவே எழுந்து நின்றது. அதன் முதுகிலிருந்து வழிந்த தண்ணீரும் மீன்களும் ஆற்றில் போய்ச் சேர வெகு நேரம் பிடித்தது. முதலில் சைக்கிள், பிறகு கார், பிறகு லாரி என்று விட்டார்கள். எல்லாவற்றையும் தாங்கியது. ஆனால் முன்போல இல்லை. மதிய வெயில் ஏறியதும், மேலே யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, ஒரு முறை செருமிவிட்டு உட்கார்ந்துவிடும். சில நாள் சீக்கிரமே எழும், சில நாள் சாயங்காலம் ஆகிவிடும். தலைவர் இரண்டு மூன்று கடிதம் போட்டுப் பார்த்தார். பதில் எழுத வேண்டிய என்ஜினியர் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். பஸ் நேரங்களை மாற்றினார்கள். மாத்திரைக் கம்பெனியில் மதியத்தில் லாரி வராததால் பெல்ட்டை அந்த நேரம் நிறுத்த வேண்டியதாயிற்று. நிறுத்தியதும் பெண்கள் தரையில் உட்கார்ந்தார்கள், யாரும் எழுப்பவில்லை. கோர்ட்டின் தட்டச்சு இயந்திரம் மட்டும் பழையபடியே இருந்தது.

கிரீஸம்மா காலையில் உருளைகளுக்குப் பூசுவாள். பாலம் செருமியதும் கரையேறி, பாலத்தின் முகப்பில் குறுக்கே சங்கிலியை மாட்டி, கொட்டகை நிழலில் கிடக்கும் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள். பெஞ்சைப் போட்டது யார் என்று தெரியவில்லை. அதிலிருந்து அவளை எழுந்திருக்கச் சொன்னவரும் இல்லை. சில நாட்கள் மகள் குழந்தையோடு அக்கரையில் நிற்பது தெரியும். அங்கிருந்தே குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டுவாள்.

ஒரு நாள் வெகுதூரத்திலிருந்து வந்த ஒரு லாரிக்காரன், சங்கிலிக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, விடாமல் ஹாரன் அடித்தான். பிறகு இறங்கி வந்து, தண்ணீரில் உட்கார்ந்திருந்த பாலத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். இரண்டு நாளாகத் தூங்காத கண்கள்.

“ஏம்மா, இது எப்ப எந்திரிக்கும்?”

“எந்திரிக்கிறப்ப எந்திரிக்கும்” என்றாள் கிரீஸம்மா. “நீங்க சாப்ட்டாச்சா?”

அவன் மறுபடி பாலத்தைப் பார்த்தான். பிறகு போய் என்ஜினை அணைத்தான்.