ஞாயிற்றுக்கிழமை ஊசி

பித்தப்பைக் கல்லை எடுக்கப் போன இடத்தில் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, ஹெபடைடிஸ் சி என்று எழுதிக் கொடுத்தார்கள். ஈரலைக் கெடுக்கும் கிருமியாம். அந்தக் காகிதத்தை நான் வீட்டில் மறைக்கவில்லை. மறைத்துத் தொலைத்திருக்கலாம்.

அன்று சாயங்காலமே என் தட்டும் தம்ளரும் கொல்லைக் குழாயடிக்குப் போய்விட்டன. என் ஆறு வயது மகளின் தலையணை மாமியார் அறைக்குப் போனது. பிள்ளையை முத்தம் கித்தம் கொடுத்துவிடாதே என்று எச்சரித்தவர் என் கணவரின் அண்ணன். பதினெட்டு வருஷமாக மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். வீட்டில் யாருக்குத் தும்மல் வந்தாலும் அவர் சொல்வதுதான் வேதவாக்கு. மாமியார் ஒரு படி மேலே போய், எங்கே போய் வாங்கிக்கொண்டு வந்தாளோ என்று எனக்குக் கேட்கிற மாதிரியே முனகினார். தையல் கடையை விட்டால் வீடு, வீட்டை விட்டால் தையல் கடை, இதில் நான் எங்கே போய் வாங்குவது? என் கணவர் வாயே திறக்கவில்லை. அவர்மேல்தான் எனக்கு எல்லாரையும்விட எரிச்சல்.

பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மகள் நிலைப்படியில் நின்றபடியே என்னோடு பேசப் பழகிவிட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பதினோராம் நாள் ஈரல் டாக்டரைப் பார்த்தேன். பெண் டாக்டர், நிதானமானவர். முதலில் பிள்ளையைப் பற்றித்தான் கேட்டேன்.

"எச்சில்ல வராதும்மா. இருமினா, கட்டிப்பிடிச்சா, ஒரே தட்டுல சாப்பிட்டா வராது. ஒருத்தர் ரத்தம் இன்னொருத்தர் ரத்தத்துல கலக்கணும்."

ரத்தம் ஏற்றியது உண்டா, பச்சை குத்தியது உண்டா, பிறர் பிளேடைப் பயன்படுத்தியதுண்டா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். கடைசியில், வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்றார்.

மாமனாருக்கு உண்டு. ஞாயிறு காலையில் வெறும் வயிற்றோடு பெரியவர்கள் எல்லாரும் வரிசையாக உட்காருவோம். அண்ணன்காரர் சர்க்கரை மிஷினை எடுத்து வைத்து, பேனா மாதிரி ஒரு குத்தூசியால் எல்லார் விரலிலும் குத்திப் பார்ப்பார். ரத்தம் தொட்டு மிஷினில் செருகும் பட்டை மட்டும் ஆளுக்கொன்று, ஏனென்றால் பழைய பட்டையை மிஷின் ஏற்காது. ஊசி ஒன்றே ஒன்றுதான். மழுங்கி வலித்தால்தான் மாற்றுவார். ஒருமுறை நான் கேட்டதற்கு, எல்லாம் நம்ம வீட்டு ரத்தம்தானே என்று சிரித்தார்.

அதில்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் அந்த ஊசி பட்ட எல்லாரையும் சோதிக்க வேண்டும் என்றார் டாக்டர். கிருமி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று எனக்கு இன்னொரு சோதனை. இருந்தால் பன்னிரண்டு வாரம் மாத்திரை, அநேகமாக எல்லாருக்கும் குணமாகிவிடுமாம். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது ஆத்திரம்.

கூடத்தில் எல்லாரும் இருக்கும்போது போட்டு உடைத்தேன். அப்படியென்றால் உன்னால் எங்களுக்கும் வந்திருக்குமா என்று மாமியார் பதறினார். என்னாலா, உங்களால் எனக்கா என்பது ரத்தத்தைப் பார்த்தால்தான் தெரியும் என்றேன்.

அண்ணன்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "எனக்கே பாடம் எடுக்குறியா? ஒவ்வொரு தடவையும் ஸ்பிரிட் பஞ்சால தொடைச்சிட்டுத்தான் குத்துறேன்."

"பஞ்சால தொடைச்சா போயிடும்னா, என் தட்டை எதுக்கு மாமா வெளிய வெச்சீங்க?"

போன ஞாயிறு யார் யாருக்குக் குத்தினீர்கள் என்று கேட்டேன். அப்பா, அம்மா, தம்பி, தன் மனைவி, தான் என்று விரல் விட்டுச் சொன்னவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

நிலைப்படியிலிருந்து மகள் ஓடி வந்தாள். "எனக்கும்மா. நீதான் வரலைல்ல, உன் இடத்துல நான் உக்காந்தேன். பெரியப்பா குத்துனாரு, நான் அழவே இல்ல."

"ஊசிய மாத்துனியாண்ணே?" என்றார் என் கணவர். பத்து நாளில் அவர் பேசிய முதல் பேச்சு. அண்ணன்காரர் தரையைப் பார்த்தார்.

பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். யாரும் தடுக்கவில்லை. அவள் பெருமையாக நீட்டிய விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். குத்திய இடம் கண்ணுக்கே தெரியவில்லை.