மேல்நொச்சிக்கு எத்தனை கிலோமீட்டர்

கல்வராயன் மலையில் கடைசி பஸ் நிற்கும் இடத்திலிருந்து மேல்நொச்சிக்குப் போகும் பாதை, நர்ஸ் செந்தமிழ்ச்செல்விக்குப் பதினொரு கிலோமீட்டர். சர்வேயர் முதஸ்ஸிருக்கு நாலே கால். ஃபாரஸ்டர் தனசேகரனுக்கு அப்படி ஒரு பாதையே கிடையாது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. காலை எட்டு மணிக்கு மூவரும் ஒரே இடத்தில் பஸ்ஸை விட்டு இறங்குவார்கள். சர்வேயர் ஒன்பதே காலுக்கு ஊர்போய்ச் சேர்ந்து டீ குடிப்பார். நர்ஸ் போய்ச் சேரப் பதினொன்றரை ஆகும். தனசேகரன் முதல் அடி வைத்ததுமே உன்னிச்செடியும் முள்ளும் அவரைச் சுற்றி மூடிக்கொள்ளும், மத்தியானத்துக்கு மேல் சட்டை கிழிந்து வந்து நிற்பார். மேல்நொச்சிக்காரர்களுக்கு எவ்வளவு தூரம் என்று கேட்க எந்தப் படிவத்திலும் இடம் இல்லை.

மூவரும் ஒருவரை ஒருவர் அடியோடு வெறுத்தார்கள். முதஸ்ஸிர் சங்கராபுரத்து ஜவுளிக்கடைக் குடும்பம், அளவில் ஒரு விரற்கடை பிசகினாலும் தூக்கம் வராது. நர்சைக் காணும்போதெல்லாம், "நாலு கிலோமீட்டருக்கு இவ்ளோ நேரமா நர்சம்மா? ஒக்காந்து ஒக்காந்து வரீங்களா?" என்று கேட்பார். ஊர்க்காரர்கள் ரோடு கேட்டபோதும் அதே நாலே காலைத்தான் எழுதி அனுப்பினார். நாலு கிலோமீட்டருக்கு எதற்குத் தனி ரோடு என்று மேலதிகாரிகள் கேட்டார்கள். பாதையே இல்லாத இடத்தில் ரோடு எப்படிப் போடுவது என்று தனசேகரன் எழுதினார். அந்த வருஷம்தான் பிரசவ வலி கண்ட மேல்நொச்சி ராணியம்மாளைத் தோளில் சுமக்கும் டோலியில் இறக்கினார்கள். அவள் பாதி வழியில், ஒரு சப்பட்டைப் பாறைமேல், நர்சின் கையைப் பிடித்தபடியே செத்துப்போனாள், வயிற்றுப் பிள்ளையும் போயிற்று. அன்றிலிருந்து அந்த இரண்டு ஆண்களின் முகத்தைப் பார்த்தாலே செந்தமிழ்ச்செல்விக்கு வயிறு எரியும்.

பிறகு கூட்டுத் தணிக்கை என்று ஓர் உத்தரவு வந்தது. மூவரும் சேர்ந்து நடந்து, ஒரே தாளில் ஒரே தூரத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு முறை போனார்கள், இரண்டு முறையும் ஆளுக்கொரு நேரத்தில் போய்ச் சேர்ந்து, ஆளுக்கொரு எண்ணைச் சொல்லி, சண்டை போட்டுக்கொண்டு இறங்கினார்கள்.

மூன்றாம் முறை நர்ஸ் மேலே போய்ச் சேர்ந்தபோது முனியன் மனைவி பாரதிக்குப் பனிக்குடம் உடைந்திருந்தது. வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் கீழே நிற்கும் ஆம்புலன்சில் ஏற்றாவிட்டால் இரண்டு உயிரும் போகும். முனியன் மூங்கிலில் போர்வையைக் கட்டி டோலி தயார் செய்தான். "எனக்கு நாலுதான், நான் தூக்குறேன்" என்று சர்வேயர் முன்பக்கம் தோள் கொடுத்தார், பின்பக்கம் முனியன். முதல் திருப்பத்திலேயே டோலி நர்சின் கண்ணை விட்டு மறைந்தது. ரத்தம் போகத் தொடங்கியதும் என்ன செய்வதென்று தெரியாமல் சர்வேயரே அலறிக்கொண்டு டோலியோடு திரும்பி வந்தார்.

"நான் கூட வந்தா பதினொண்ணு. வரலன்னா இவ செத்துப்பூடுவா" என்றாள் செந்தமிழ்ச்செல்வி. சர்வேயரின் அளக்கும் டேப்பைப் பிடுங்கி, ஒரு முனையைத் தன் இடுப்பிலும் மறு முனையை அவர் இடுப்பிலும் இறுக்கிக் கட்டினாள்.

அப்போதுதான் முதஸ்ஸிர் அந்த மிச்ச ஆறே முக்கால் கிலோமீட்டரைப் பார்த்தார். அவர் கணக்கில் இல்லாத ஏற்றங்கள் வந்தன, அவர் கால் நனைக்காத ஓடை ஒன்று வந்தது. அப்புறம் ஒரு சப்பட்டைப் பாறை வந்தது.

"இன்னா எடம் இது? நம்ம வழில இது கெடயாதே."

"ராணியம்மாள இங்கதான் இறக்கி வெச்சேன். ஒங்க நாலுல எப்டி இருக்கும்?"

முதஸ்ஸிர் தோளை மாற்றிக்கொண்டார்.

பாறைக்கு அப்பால், காலையிலிருந்து இன்னும் ஏறிக்கொண்டே இருந்த தனசேகரன் புதரைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தார். முள் கீறிய முகத்தோடு, "யாரக் கேட்டு இதுல போய்க்கினு இருக்கீங்க? இங்க வழியே கெடயாது!" என்று கத்தினார்.

"வழியே இல்லன்னா நாங்க எப்டி இங்க நிக்கிறோம்? தூக்குய்யா!" என்றாள் நர்ஸ்.

தனசேகரன் திட்டிக்கொண்டேதான் முனியனோடு பின்பக்கம் தோள் கொடுத்தார். உடனே பாதை போய்விட்டது. எங்கும் முள்ளும் உன்னியும்தான். தனசேகரன் ஒரு கையால் கத்தியை வீசி வெட்டினார். திசை தெரியாத காட்டில் சர்வேயர், "நேரா, நேரா, எடப்பக்கம் மூணடி" என்று கோடு பிசகாமல் நடத்தினார். நர்ஸ் பாரதியின் வயிற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. அவள் நில் என்றால் நின்றார்கள், நட என்றால் நடந்தார்கள், மற்ற நேரமெல்லாம் ஒருவரை ஒருவர் ஏசினார்கள். தனசேகரன் தோள் கொடுத்த பதினெட்டாவது நிமிஷம் முள் விலகியது, எதிரே ஆம்புலன்ஸ் நின்றது. கள்ளக்குறிச்சியில் வயிற்றைக் கிழித்து எடுத்த பெண் குழந்தை நன்றாக அழுதது.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் வைத்தே தணிக்கைத் தாளை நிரப்பினார்கள். தனசேகரன் 'பாதை இல்லை' என்று எழுதினார். நர்ஸ் பதினொன்று என்று எழுதினாள். முதஸ்ஸிர் நாலே கால் என்று எழுதி, அதை அடித்துப் பதினொன்று என்று போட்டார். மூன்று பேரும் ஒத்துப்போகவில்லை என்று தாள் திரும்பி வந்தது, ரோடு வரவில்லை.

ஆறு வருஷம் ஆகிறது. மேல்நொச்சியில் எவளுக்காவது வலி கண்டால் மூன்று போன் போகும். மூவரும் முணுமுணுத்தபடி வந்து டோலியைத் தூக்குவார்கள், பதினெட்டு நிமிஷத்தில் இறக்குவார்கள், ஒரு வாய்த் தண்ணீர்கூட ஒருவர் கையால் ஒருவர் வாங்கமாட்டார்கள். இதுவரை இருபத்தேழு பிரசவம், ஒன்றும் தவறவில்லை. அதில் ஆச்சரியப்பட ஊரில் யாருக்கும் நேரமில்லை.

ஆனால் தனியாக ஏறும் நாட்களில் முதஸ்ஸிருக்கும் இப்போது பதினொரு கிலோமீட்டர்தான். அந்தப் பாறையைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வார் என்று முனியன் சொல்கிறான். பன்னிரண்டு மணிக்கு மூச்சு வாங்க ஊருக்குள் நுழைவார். அவருக்கு முன்பே வந்துவிட்ட செந்தமிழ்ச்செல்வி, ஊசி போடும் குழந்தையிடமிருந்து தலையை நிமிர்த்தாமல் கேட்பாள்:

"நாலு கிலோமீட்டருக்கு இவ்ளோ நேரமா சார்?"